மாமா கொண்டுவந்த கம்பிச் சட்டம்

ரேடியோ ரிப்பேர் கடையைத் தாண்டும்போது ஈயம் பற்றவைக்கிற புகை, அந்தக் குங்கிலிய வாசம், மூக்கில் ஏறினால் போதும், எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது. திருத்தணி வீட்டில் தறிக்குப் பக்கத்தில் மாமா குனிந்திருக்கிறார்.

அம்மாவின் தம்பி அவர். மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. விண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் பாய்கிற கதிர்களைப் பிடிக்க அங்கே ஒரு பெட்டி செய்தார்கள். முதலில் பலூனில் போகும். தேறினால் பிறகு ராக்கெட்டில். பெட்டியின் வயிற்றில் ஒரு சட்டம், சட்டம் நிறையத் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள், ஒரே இடைவெளி, ஒரே விறைப்பு. கதிர் எதன் அருகே போகிறதோ அந்தக் கம்பி சொல்லிவிடும். கூடத்தில் யார் கட்டினாலும் ஒன்று தொய்ந்தது, ஒன்று அறுந்தது. எங்கள் அக்கா கட்டும் என்று மாமா சொல்லிவிட்டார். தறி வீட்டுக்கா கொண்டுபோகிறாய் என்று பெரியவர்கள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் சுமந்து வந்தார்.

நான்கு நாளில் அம்மா கட்டி முடித்தாள்; கம்பி நுனிகளுக்கு மாமா ஈயம் வைத்தார். தறியில் பாவு நூலைத் தடவுகிற பழக்கத்தில் அவள் புறங்கை நீளும்போதெல்லாம் மாமா பதறுவார்.

ஆடிக் கிருத்திகை. தெருவில் காவடி வந்தது. மோர்க்குடத்தோடு அம்மா வாசலுக்கு ஓட, பின்னாலேயே மாமா. அத்தனை கம்பிகள், அத்தனை மௌனம், நான் மட்டும். ஒன்றே ஒன்றைச் சுண்டினேன். அறுந்தது.

திரும்பி வந்த அம்மா கண்டாள். நெய்கிறவளுக்கு இழை அறுவது ஒரு சேதியே இல்லை. நுனிகளைச் சேர்த்து முடிந்தாள். பெருமையோடு தம்பியைக் கூப்பிட்டாள்.

"முடிச்சு எங்கனு சொல்லு, பாக்கலாம்."

மாமா பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். முகம் வெளுத்தது.

"இன்னாடா, இப்டி பாத்துகினு கீற?"

"இதுல கரண்ட் போவும்கா. முடிச்சு நுனியில தானா பொறி பறக்கும். வராத கதிர வந்துச்சுனு பெட்டி பொய் சொல்லும்."

"அப்ப யார் தொட்டது?" அம்மாவின் பார்வை என்மேல் திரும்பியது.

"நாந்தான்கா. காவடி பாக்க ஓடறப்ப கண்ணாடி கை தவறிப் பட்டுடுச்சு."

"படிச்சவன்னு பேரு. கை மட்டும் கோணல்."

மாற்றுக்கு மிச்சம் இருந்தது ஒரே கம்பி. அதுவும் போனால் மாமா வெறுங்கையோடு அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அம்மா மூச்சை அடக்கிக் கட்டினாள். நின்றது.

எனக்கோ நிம்மதி. கண்ணாடி பட்டுத்தான் அறுந்திருக்கும், என் விரல் சும்மா பக்கத்தில் இருந்தது என்று நானே நம்பிவிட்டேன். முருகன் காப்பாற்றினான் என்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டேன். நன்றியை எங்கே செலுத்துவது என்றுகூடத் தெரியாத வயது.

ஸ்டேஷனில் மொட்டைத் தலைகளுக்கு நடுவே, சட்டத்தைப் பச்சைக் குழந்தைபோல மடியில் வைத்து, மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி அசைந்தபோது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் துள்ளிக் குதித்தேன். அதில் என்ன இருந்தது என்று விளங்கவில்லை.

"லீவுக்குப் பட்ணம் வா பாப்பா. சுண்டிப் பாக்க வேற கம்பி தரேன்."