பன்னிரண்டாம் சீசனில் ஸ்டான்லியின் சிரிப்பு

பொத்தேரி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற தன் மகன் சொன்னதாக எதிர் வீட்டு சுஜாதா சொன்னாள். அவனுக்கு அவன் அறைத்தோழன் சொன்னானாம், அந்த அறைத்தோழனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. 'பெர்கின்ஸ் குடும்பம்' கார்ட்டூனில் அப்பா ஹார்விக்குத் தமிழ் பேசுகிறவர் இப்போதெல்லாம் பேசுவதே இல்லையாம். பழைய குரலைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிட்டார்களாம். வசனத்தை அடித்துக் கொடுத்தால் அதுவே பேசிவிடுகிறதாம். ஆளே செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது என்றும் ஒரு பேச்சாம்.

படூர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இறங்கி வருவதற்காக நின்றபோது நடந்த பேச்சு இது. காய்கறிப் பையோடு பக்கத்தில் நின்ற ரெஜினா, செத்தெல்லாம் போகவில்லை என்று மட்டும் சொன்னாள். உனக்கெப்படித் தெரியும் என்று சுஜாதா கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த ஆள் ஸ்டான்லி, என் கூடப்பிறந்த அண்ணன், இதோ கோவளத்தில்தான் இருக்கிறான் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ரெஜினா வார நாட்களில் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பவள். வார இறுதியில் ஒரு தமிழ் இணைய இதழுக்காகத் தொடர்களைப் பார்த்து விமர்சனம் எழுதுவாள். பெயர் போட்டுக்கொள்வதில்லை, 'விமர்சனக் குழு' என்றுதான் வரும். இதழை நடத்தும் தமிழ்வாணன், பெர்கின்ஸ் குடும்பத்தை எழுதுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பான். அவள் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துவிடுவாள். இந்த முறை பன்னிரண்டாம் சீசன் வெளியானதும் அவன் கேட்டபோது சரியென்றாள். அண்ணன் குரல் அதில் இல்லை, மெஷின்தான் பேசுகிறது என்றால் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

அவர்களுடைய அப்பா கிருபாகரன் திருப்போரூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அப்புறம் கோவளத்துக்கு வந்து ஈசிஆர் பங்களா ஒன்றுக்கு வாட்ச்மேன் ஆனார். ஸ்டான்லி பள்ளிக்கூடத்தை விட்டதும் ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்யப் போனான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், சர்ச் திருவிழா என்று எதைக் கொடுத்தாலும் மாமியார் ஒரு குரல், மருமகள் ஒரு குரல், கடைக்காரர் ஒரு குரல் என்று பிரித்து ஒரே மூச்சில் பேசிவிடுவான். கேளம்பாக்கம் சிக்னலில் அதைக் கேட்ட டப்பிங் ஆள் ஒருவர் காரிலிருந்து இறங்கி வந்து போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

வடபழனி ஸ்டுடியோவில் கொஞ்ச காலம் அவனுக்குக் கும்பல் சத்தம்தான் வேலை. சந்தை இரைச்சல், கல்யாணக் கூட்டம், சாவு வீட்டு ஓலம். அப்புறம் ஹார்வி வந்தான். ஏதோ ஒரு அமெரிக்க ஊரில் பாய்லர் ரிப்பேர் செய்கிற, வழுக்கை விழுந்த, தொப்பை வைத்த குடும்பஸ்தன். முதல் எபிசோடில் அவன் வீட்டுக்குள் நுழைந்து, "அன்பே, இரவு உணவு தயாரா?" என்று கேட்பதாக எழுதியிருந்தார்கள். ஸ்டான்லி தாளைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். "இன்னாம்மே, வூட்ல சோறு கீதா, இல்ல பார்சல் வாங்கிகினு வரட்டா?" என்றான். எழுதியவர் முறைத்தார். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் அதுவே நின்றுவிட்டது. கோவளத்துப் பக்கம் ஒருநாளும் வந்திராத பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறக்கும்போது "சோறு கீதா" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வசனத்தைவிட அந்தச் சிரிப்புதான் ஹார்வி. கிக்கரை உதைத்தும் ஸ்டார்ட் ஆகாத பழைய புல்லட் மாதிரி இரண்டு முறை இழுத்துவிட்டு, மூன்றாவதில் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஓடும். ஸ்டான்லி அதற்கென்று எதையும் தயார் செய்யவில்லை. சின்ன வயசிலிருந்து அவன் அப்படித்தான் சிரிப்பான். வீட்டில் அவன் வாய் கோணினாலே, "புல்லட் ஸ்டார்ட் ஆவுது" என்று ரெஜினா காதைப் பொத்திக்கொள்வாள்.

ஹார்வியின் பதினொரு வயது மகள் லில்லிக்கு முதல் மூன்று சீசனில் குரல் கொடுத்தது ரெஜினாதான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தங்கையை அவனே அழைத்துக்கொண்டு போனான். சின்ன அறை, ஒரே மைக். அண்ணனும் தங்கையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று பேசுவார்கள். வேலை கிடைத்ததும் அவள் நின்றுவிட்டாள், வேறொரு பெண் வந்தாள். லில்லிக்கு இன்றைக்கும் வயது பதினொன்றுதான். ஹார்வியின் தலையிலும் அதே நாலு முடிதான். ஸ்டான்லிக்கு மட்டும் தாடி நரைத்து, கண்ணாடி போடாமல் தாள் படிக்க முடியாத வயதாகியிருந்தது.

அப்பா இறந்த காலையில் ஸ்டான்லி வடபழனியில் இருந்தான். டப்பிங் அறைக்குள் போகிறவர்கள் போனை அணைத்து வெளியே வைத்துவிட்டுப் போவது வழக்கம். செய்தி ஸ்டுடியோவுக்குத் தெரிந்து அவனிடம் சொன்னபோது, மறுநாள் ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடில் ஹார்வி விழுந்து விழுந்து சிரிக்கிற பிறந்தநாள் காட்சி மட்டும் பாக்கி. அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினான். கல்லறைத் தோட்டத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் நிற்கிறார், சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள், ஊரே நிற்கிறது. ஸ்டுடியோவுக்குப் போன் செய்து விஷயம் தெரிந்துகொண்டிருந்த ரெஜினா கேட்டாள்:

"அப்பா செத்துக் கெடக்கறாரு. நீ அங்க நின்னு சிரிச்சிகினு வர்றியா?"

அவன் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டான், போய்விட்டான். நன்றாகக் கேட்டாய் என்று அத்தை ஒருத்தி ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சரியாகத்தான் கேட்டோம் என்று ரெஜினாவும் ரொம்ப நாள் நினைத்திருந்தாள். முதல் கிறிஸ்துமஸுக்கு அவன் கூப்பிடுவான் என்று இவள் இருந்தாள், இவள் கூப்பிடுவாள் என்று அவனும் இருந்திருக்கலாம். அதற்கப்புறம் கூப்பிடுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

சனிக்கிழமை சமையலுக்கு நடுவே டிவியில் ஓடவிட்டு எல்லா எபிசோடையும் பார்த்தாள். கதை பழைய கதைதான். ஹார்விக்கு வேலை போகிறது, எபிசோட் முடிவதற்குள் திரும்பக் கிடைக்கிறது. அவன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அடுத்த எபிசோடில் தோட்டத்தில் நின்று புல் வெட்டுகிறாள். என்ன உடைந்தாலும் அடுத்த வாரம் ஒட்டியிருக்கிற வீடு. வசனம் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. சிரிப்புதான் உறுத்தியது. மொத்தமே நான்கு சிரிப்பு. அதையே மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். பையன் பரீட்சையில் தோற்றாலும் அதுதான், மனைவி ஏணியிலிருந்து விழுந்தாலும் அதுதான். சுஜாதா சொன்னது சரிதான் என்று ரெஜினாவுக்கு உறுதியாகிவிட்டது. மெஷின்தான். மெஷினை என்ன வேண்டுமானாலும் எழுதலாம், யாருக்கும் வலிக்காது.

'ஸ்டார்ட் ஆகாத புல்லட் மாதிரி இழுத்து இழுத்துப் பிடிக்கும் அந்தச் சிரிப்பு இந்த சீசனில் இல்லை. ஹார்வி சிரிக்கவில்லை, யாரோ அவன் வாயில் சிரிப்பை ஒட்டுகிறார்கள். குரலுக்குப் பின்னால் மனிதன் இருக்கிறானா என்பதைச் சேனல் சொல்ல வேண்டும்' என்று எழுதினாள். தமிழ்வாணன் அதற்கு 'ஹார்வியைக் கொன்றது யார்?' என்று தலைப்பு வைத்தான். திங்கட்கிழமை வெளியானது, இரண்டே நாளில் எங்கே பார்த்தாலும் அதுதான். சேனலின் இணையப் பக்கத்தில் போய் ஆயிரக்கணக்கில் திட்டியிருந்தார்கள். அந்த நான்கு சிரிப்பையும் அடுத்தடுத்து வெட்டி வைத்து ஒரு வீடியோவாகப் போட்டால் வாயடைத்துப் போவார்கள் என்றான் தமிழ்வாணன்.

வெட்டுவதற்காகத்தான் ஹெட்போனை மாட்டினாள். ஆஸ்பத்திரி எபிசோட். தாழ்வாரத்தில் ஹார்வி தனியாக நிற்கிறான், டாக்டர் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார், அவன் சிரிக்கிறான். படத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் சிரிப்பின் வால் முடிகிற இடத்தில், மூக்கைப் பிடித்துக்கொண்டு அடக்கப் பார்த்து முடியாமல் பிய்த்துக்கொண்டு வருகிற ஒரு பெண்ணின் 'க்ஹ்' கேட்டது.

இன்னொரு முறை ஓடவிட்டாள். அது அவளுடைய குரல்.

இரண்டாம் சீசனில், மைக் முன்னால் சிரித்துக்கொண்டே ஸ்டான்லி அவளைப் பார்த்து மாறுகண் போட்டுக் காட்டினான். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். டேக் கெட்டுவிட்டது என்று பயந்தபோது, லில்லியும் அந்தக் காட்சியில் இருக்கிறாள், போகட்டும் விடு என்று சவுண்ட் இன்ஜினியர் ஜெபக்குமார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டை விரலைக் காட்டினான். அந்தச் சிரிப்பை எடுத்துத்தான் இங்கே வைத்திருக்கிறார்கள். மற்ற மூன்றையும் கேட்டாள். அவையும் அந்தக் காலத்தவை. வசனத்தைக் கேட்டாள். வாக்கியத்துக்கு வாக்கியம் எச்சில் விழுங்குகிற சத்தம், தாளைத் திருப்புகிற சத்தம், மூச்சு. பேசுவது மெஷின் இல்லை. அண்ணன்தான் நின்று பேசியிருக்கிறான். சிரிப்பை மட்டும் வேறு எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஜெபக்குமாரைக் கூப்பிட்டாள். பழைய நம்பரே இருந்தது.

"லில்லியா? இன்னாம்மா, இப்பதான் எங்க ஞாபகம் வந்துதா?" என்றவன், அவள் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பேசச் சொன்னா ஒரே டேக்கு. அழச் சொன்னா அழறாரு. சிரிப்பு வந்தா மட்டும் வாயத் தொறந்துகினு நிக்கறாரும்மா. சத்தம் வரல. காத்து கூட வரல."

எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

"உங்க நைனா போனாரில்ல, அதுக்கப்புறம்தான். மொதல்ல துக்கம், சரியாப் பூடும்னு நெனச்சேன். ஆவல. யாருக்கும் சொல்லாம நானே பழசுலேர்ந்து எடுத்து ஒட்டிகினு வந்தேன். ஒருத்தனும் கண்டுபுடிக்கல. இப்ப எவனோ ஒரு வேல வெட்டி இல்லாதவன் எயுதிட்டான்."

எழுதியது யார் என்று அவள் சொல்லவில்லை. அவன் தொடர்ந்து சொன்னான். ஸ்டுடியோ மெஷின் குரலைத் தலையில் கட்டி ஏமாற்றிவிட்டது என்று சேனலில் கொதித்துப்போயிருக்கிறார்களாம். இன்றைக்கு மத்தியானம் ஆட்கள் வருகிறார்கள். ஸ்டான்லி அவர்கள் முன்னால் நின்று சிரித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் ஹார்வி வேறொருவனுக்குப் போகும், அவனையும் வரச் சொல்லியாகிவிட்டது. அண்ணனுக்கு ஹார்வியை விட்டால் வேறென்னம்மா இருக்கிறது என்று ஜெபக்குமார் கேட்டான்.

கோவளத்துக்குப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு, கம்பெனிக்கு லீவு போட்டு ரெஜினா ஆட்டோ பிடித்தாள். கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் ரோட்டில் திரும்பும்வரை, அவனைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தாள். மன்னித்துவிடு என்பது அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழகாத வார்த்தை.

அண்ணி மேரி வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

"அண்ணன் இல்லியா அண்ணி?"

"காலீலயே பூட்டாரு. பஸ்ஸுக்கு."

ரெஜினா நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே வா என்று மேரி சொல்லவில்லை. இரண்டு மீனைத் தலை கிள்ளிப் போட்ட பிறகு அவளே பேசினாள்.

"நீ எயுதனத நான்தான் படிச்சிக் காட்டினேன். அவருக்கு போன்ல எயுத்து தெரியல. புல்லட்டுன்னு வந்துச்சே, அந்த எடத்துல நிறுத்துன்னாரு. இது எங்க ரெஜி எயுதினதுடின்னாரு."

"எனக்குத் தெரியாது அண்ணி. மெஷினுன்னு நெனச்சி எழுதிட்டேன்."

"மெஷினா இருந்தா நல்லாருந்திருக்கும்." மேரி கத்தியைக் கீழே வைத்தாள். "நேத்து விடியக்காலைல கடலாண்ட போயி நின்னுகினு சிரிச்சிப் பாத்தாரு. பின்னாலயே போனேன், என்னைப் பாக்கல. வாயத் தொறக்கறாரு, மூடறாரு. போட் தள்றவங்கல்லாம் வேலைய வுட்டுட்டு பாக்கறாங்க. வூட்டுக்கு வந்து என்னாண்ட ஒண்ணுதான் கேட்டாரு. அன்னிக்கு நான் சிரிச்சது அப்பாவுக்குக் கேட்டிருக்குமா மேரின்னாரு. நான் இன்னா சொல்றது?"

தெருவில் ஐஸ் ஏற்றிய டெம்போ ஒன்று போயிற்று. உன்னைக் குற்றம் சொல்லவில்லை என்று மேரி அப்புறம் சொன்னாள். சொன்ன விதத்தில் ரெஜினாவால் உட்காரவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை.

அந்த நேரத்தில் ஜெபக்குமார் கூப்பிட்டான். சேனல் ஆட்கள் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரமாகிறது, அண்ணன் இன்னும் வரவில்லை, வீட்டில் இருக்கிறாரா பார்த்துச் சொல் என்றான். அவன் குரலுக்குப் பின்னால் யாரோ அதட்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே கிளம்பிவிட்டான் என்றாள் ரெஜினா. அவன் போனை வைத்துவிட்டான்.

"இன்னாவாம்?" என்றாள் மேரி.

"இன்னும் போய்ச் சேரலியாம்."

மேரி எழுந்தாள். கையெல்லாம் செதில். அதைக் கழுவ வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் கடல் பக்கம் பார்த்து நின்றாள். அவர் நம்பரைப் போடு, நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டார், காலையிலிருந்து எடுக்கவில்லை என்றாள்.

மூன்று வருஷமாக அழிக்காமலும் கூப்பிடாமலும் வைத்திருந்த நம்பர். ரெஜினா போட்டாள். டப்பிங் அறையில் இருந்தால் போன் அணைந்திருக்கும். இது அணையவில்லை, எங்கோ மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பப் போட்டாள். மேரி கிட்டே வந்து போன் பக்கமாகக் காதைக் கொண்டுவந்தாள். ஈர மீன் வாடையோடு அவளுடைய மூச்சு ரெஜினாவின் கன்னத்தில் பட்டது. மணி அடித்துக்கொண்டிருந்தது.