அப்பா அவிழ்த்த விதைக்கோட்டை

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரது நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, “நல்லதை மட்டும் எழுதுக்கா” என்றான் தம்பி. அப்பா இருந்திருந்தால் அவனைத்தான் திட்டியிருப்பார்.

அப்பா பிறந்தது சேத்தூரில். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, அடுத்தவர் வயலில் உழைத்து, அம்மாவைக் கட்டிய பிறகு சுந்தரபாண்டியத்தில் சொந்தமாகக் கொஞ்சம் வயல் வாங்கினார். வாய்தான் கொஞ்சம் நீளம்; மனசு அதைவிடப் பெரிது. பசி என்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

எண்பதுகளில் ஒரு வருடம் மழை பொய்த்தது. ராஜபாளையம் கடைகளில் அரிசி விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. ரேஷன் அரிசி பாதி மாதத்துக்கே காணாது. அப்போதுதான் ஒரு நெல் வியாபாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். விற்க எங்களிடம் மிச்சமிருந்தது, விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து சாணம் மெழுகிக் கட்டி வைத்திருந்த கோட்டைகள்தான்.

“வெதைய யாராச்சும் விப்பாகளா?” என்று அம்மா மறித்தார்.

“கம்மாய் காஞ்சு கெடக்கு, எங்க போயி வெதைக்க? புள்ளைய ஸ்ரீவில்லிபுத்தூர்ல பதினொண்ணு சேக்கணும். இம்புட்டு வெல இனி எப்பக் கெடைக்கும்?”

கோட்டைகளை அப்பாவே அவிழ்த்தார். என்னையும் பள்ளியில் சேர்த்தார். ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிறைந்தது. ஊரே விதைத்தது. அப்பா வீடு வீடாக விதை கேட்டு அலைந்தார், யாரிடமும் மிச்சமில்லை. எங்கள் வயலில் புல்தான் முளைத்தது. நெல் விற்ற பணமெல்லாம் அரிசிக்கடைக்கே போய்ச் சேர்ந்தது. அரைப்பரீட்சை முடிந்ததும் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனேன். தை அறுப்புக்குப் பிறகு அரிசி விலை இறங்கிவிட்டது. நான் பள்ளிக்குத் திரும்பவில்லை.

அதற்காக அப்பாமீது எனக்குக் கோபம் இருந்ததில்லை. அவருக்குத்தான் தன்மீது கோபம் ஆறவே இல்லை. அதன்பின் ஒவ்வோர் அறுப்பிலும் முதல் வேலை கோட்டை கட்டுவது. கட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டுச் சாணம் மெழுகச் சொல்வார். “நீங்களே மெழுகலாமே” என்றால், “வேண்டாம்ட்டி. அவுத்த கையி இது” என்பார்.

கடைசி நாட்களில், நினைவு தப்பித் தப்பி வந்தபோதும், “கோட்டைய யாரும் அவுத்துராதீக” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வருத்தம் என்னவென்றால், என் மகள் பள்ளிக்கூடம் போவதைக் கண்ணாரப் பார்த்தும் அந்தப் பயம் அவரைவிட்டுப் போகவில்லை.

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய தெருக்காரர்களுக்கும், உடனிருந்து பார்த்துக்கொண்ட சித்திக்கும், ஷிப்டு மாற்றிக் கொடுத்த மில் தோழிகளுக்கும் என்ன கைம்மாறு செய்வோம்? முதலாண்டு நினைவு நாளான இன்று எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்பா கட்டி, நான் மெழுகிய கடைசிக் கோட்டையை இந்தமுறை மழை பெய்த பிறகே அவிழ்த்து விதைத்தோம். இலையில் விழுவது அதில் விளைந்த சோறு.