ஒன்பதரை அங்குலம்

சுகாதார நிலையத்தில் அவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர். அங்கிருந்த மூன்று ஜீப் ஓட்டுநர்களில் அவள் ஒருத்திதான் பெண். மெதுவாகப் போகிறவளும் அவள்தான். நர்ஸையும் தடுப்பூசிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் போவது வேலை. தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து பதினாறு கிலோமீட்டர் மண்ணும் கல்லுமான தடம். நடுவழியில் நின்றுவிட்டால் கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. போனில் சிக்னலும் இருக்காது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், தடத்துக்குத் தோதாக இருக்கட்டும் என்று ஜீப்புக்குப் பெரிய டயர்களாக மாட்டிக் கொடுத்தார்கள். அன்றே அவள் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, அதோடு வந்த ஜாக்கியை எடுத்து வைத்துப் பார்த்தாள். பழைய சின்ன டயருக்கு என்று செய்தது. கடைசி வரை சுற்றியும் சக்கரம் தரையை விட்டு எழும்பவில்லை.

ஸ்டோர் கீப்பரிடம் போய்ச் சொன்னாள்.

“மத்த ரெண்டு பேரும் ஒண்ணும் கேக்கலியேம்மா?” என்றார் அவர்.

“அவங்களுக்கு இன்னும் மேல போய் டயர் வெடிக்கல சார்.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, நீங்களே பாத்து ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அவள் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். கொட்டகையில் எடுத்துப் பார்த்ததை விட்டால், ஆறு வருடமாக அவள் ஜாக்கியைக் கையால் தொட்டதில்லை. பஞ்சர் என்றால் பணிமனைக்குப் போன் செய்துவிட்டு ஓரமாய் நின்றுகொள்வாள். இந்த வேலைக்கு வருமுன், ஊருக்குள் ஓட்டிய வரைக்கும் அது செல்லுபடியானது.

ஆறு வருடத்துக்கு முன் அவளும் தம்பியும் சேர்ந்து சொந்தமாக ஒரு ஜீப் வைத்துப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மழை விட்ட ஒரு காலையில், வழவழவென்ற களிமண்ணில் முன் சக்கரம் பஞ்சரானது. கம்பியில் படிப்படியாக ஏறும், இடுப்பளவு உயரமான ஜாக்கியைப் பம்பரில் கொடுத்து அவள் கைப்பிடியை அடித்தாள். சக்கரத்தைப் பொருத்துவதற்காகத் தம்பி கையை உள்ளே விட்டான். ஜாக்கி சாய்ந்தது. வண்டி இறங்கியது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

அவன் அதற்குப் பிறகு ஜீப் பக்கம் வரவில்லை. அம்மாவின் தையல் மிஷினை எடுத்துவைத்து, இடது கையால் கத்தரி பிடிக்கப் பழகி, இப்போது பெயர் சொல்கிற டெய்லர். “எனக்கு நகம் வெட்ற வேலை உங்களைவிடக் குறைச்சல்” என்று வாடிக்கையாளர்களிடம் சிரிப்பான். அக்காவிடம் மட்டும் அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. ஜாக்கி சாய்ந்த அந்தக் கணத்தில், தான் ‘கையை எடு’ என்று கத்தினோமா, கத்த நினைத்தும் குரல் வராமல் நின்றோமா என்பது அவளுக்கே தெரியவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

ஜாக்கி வாங்கப் போகிற சேதி எப்படித்தான் அவனுக்கு எட்டியதோ, மறுநாள் கழுத்தில் அளவு டேப்போடு கொட்டகையில் வந்து நின்றான்.

“நீ எதுக்குடா வந்த? கடைல வேலை இல்லியா?”

“அளவெடுக்கத்தான். அதான நம்ம தொழில்” என்றவன், “டயர்ல காத்தை இறக்குக்கா” என்றான்.

“எதுக்கு?”

“வெடிச்ச வண்டிக்குத்தானே ஜாக்கி வெக்கப் போற? நல்லா நிக்கிற வண்டிக்கு எதுக்கு அளவு?”

பின் சக்கரத்தில் காற்றை முழுக்க இறக்கினாள். வண்டி ஒரு பக்கமாக அமுங்கியது. பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் அச்சுக் குழாயின் அடிக்கும் தரைக்கும் நடுவே டேப்பை வைத்துப் பார்த்தார்கள். ஒன்பதரை அங்குலம். அடியில் ஒன்றரை அங்குலப் பலகை போட வேண்டும்; ஆக, ஜாக்கி மடங்கியிருக்கும்போது எட்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. காற்றடைத்த சக்கரம் மாட்டும் அளவுக்கு வண்டி எழும்ப, அது பதினைந்து அங்குலம் வரையாவது விரியவும் வேண்டும். தம்பி பழக்கதோஷத்தில் அளவுகளைச் சட்டை அளவு எழுதும் நோட்டிலேயே எழுதிக்கொண்டான்.

கடைக்காரர் அளவையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “காட்டு ரோட்டுக்குத்தானே? கண்ணை மூடிக்கிட்டு இதை எடுத்துட்டுப் போங்க” என்று அந்த உயரமான ஜாக்கியையே தூக்கிவந்து, கைப்பிடியை அடித்துக் காட்டினார். டக், டக், டக். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் திரும்பிக்கொண்டாள். விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டாள்.

தம்பி பின்னாலேயே வந்தான். போகிற வண்டிகளைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றான்.

“அந்த ஜாக்கி மேல தப்பு இல்லக்கா. வண்டி சேத்துல மாட்டிக்கிட்டா இழுக்கக்கூட அதுதான் உதவும். பலகை இல்லாம களிமண்ல வெச்சது நாம” என்றான்.

அவள் கடைப் படியில் உட்கார்ந்தாள்.

“நீ கத்தின. ‘கையை எடு’ன்னு ரெண்டு தடவை கத்தின. எனக்கு நல்லாக் கேட்டுச்சு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “நான் கத்தினேனா?”

“தொண்டை கிழியக் கத்தின. இன்னும் ஒரே ஒரு தள்ளு, போல்ட்டுல உக்காந்துடும்னு நான்தான் எடுக்கல.”

“இதை ஏன்டா இத்தனை வருஷமா சொல்லல?”

“உனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றவன், “நானே போய்க் கையைக் குடுத்தேன்னு சொல்லிக்கவும் வெக்கமாத்தான் இருந்துச்சு” என்றான்.

அவள் அழவில்லை. ஆனால் திரும்பக் கடைக்குள் போக அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. உள்ளே போனதும் கடைக்காரரிடம் பிடிவாதமாக நின்றாள். பாட்டில் மாதிரி குட்டையாக, எண்ணெய் அழுத்தத்தில் எழும்பும் பாட்டில் ஜாக்கிகளை வரிசையாக எடுத்துவைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தம்பியின் டேப்பால் அளந்தாள். பத்து டன் தூக்குவது மடங்கின நிலையிலேயே ஒன்பது அங்குலம் இருந்தது, உள்ளே நுழையாது. கடைசியில் எட்டு அங்குலத்தில் அடங்கி, மேல் திருகையும் சேர்த்தால் பதினாறு வரை விரிகிற ஒன்றை எடுத்தாள். அச்சுக்கு அடியிலேயே கொடுப்பது என்பதால், பம்பரில் கொடுக்கும்போதுபோல ஸ்பிரிங் தொங்குவதற்கும் சேர்த்து வண்டியை வானத்துக்குத் தூக்க வேண்டியதில்லை.

மூன்று வாரம் கழித்து, ஏறக்குறைய பதினோராவது கிலோமீட்டரில், கூரான கல் ஒன்று பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது.

அன்று வந்திருந்த நர்ஸ் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போலத்தான் இருப்பாள். வண்டி நின்றதும் இறங்கிவிட்டாள். இவளோ, சரிவாக இருக்கிறது என்று கிழிந்த டயரோடேயே ஜீப்பை மேலே உருட்டிக்கொண்டு போனாள்.

“ஐயோ, டயர் நாரா கிழியுதுக்கா!”

“டயர் போனாப் போகுது சிஸ்டர். சமதரை வேணும்.”

ஓரளவு சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரில் போட்டாள். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் அடை கொடுத்தாள். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கினாள். ஸ்டெப்னியை இறக்கி, வண்டிக்கு அடியில் படுக்க வைத்தாள். ஜாக்கி ஏமாற்றினால் வண்டி அதன்மேல் உட்காரட்டும். நர்ஸை மேட்டுப் பக்கம் போய்த் தள்ளி நிற்கச் சொன்னாள். பிறகு பலகையைப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்து அடிக்க ஆரம்பித்தாள்.

வண்டி எழும்பியது. பாதி எழும்பியதும் பலகையின் ஒரு ஓரம் மண்ணில் அமுங்க, ஜாக்கி மெல்லத் தலை சாய்ந்தது. அவள் கை நின்றுவிட்டது.

“ஏறுதே! விடாம அடிங்கக்கா. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்.”

“இல்ல சிஸ்டர்.”

“இன்னும் கொஞ்சம்தானே?”

“அந்தக் கொஞ்சம்தான் வேண்டாங்கறேன்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் நர்ஸ் இன்னும் ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். இவள் ஜாக்கியின் வால்வைத் திருகி வண்டியைக் கீழே இறக்கினாள். பலகையை எடுத்துவிட்டு, கெட்டி மண் தட்டுப்படும் வரை பறித்து, சரளையை அள்ளிப் போட்டு மிதித்து, மட்டம் பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை ஜாக்கி நேராக ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி, அது நிமிர்ந்து நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது; சீருடைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

சக்கரத்தைக் கழற்றியதும் அடியிலிருந்த ஸ்டெப்னியை உருவி, அந்த இடத்தில் கிழிந்த சக்கரத்தைப் படுக்க வைத்தாள். ஸ்டெப்னியைக் கையால் தூக்கிப் பிடிக்கவில்லை. அதன் அடியில் வீல் ஸ்பேனரை நெம்புகோலாகக் கொடுத்து, காலால் மிதித்துத் தூக்கி, ஓட்டைகளைப் போல்ட்டுகளுக்கு நேராகக் கொண்டுவந்து தள்ளினாள். சரியாக உட்கார்ந்தது. விரல் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

எல்லாம் முடிய ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. நர்ஸ் கிழிந்த சக்கரத்தை ஒரு பக்கம் பிடித்து ஏற்ற உதவினாள். குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது காத்திருந்த தாய்மார்களில் பாதிப் பேர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். நர்ஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகவும், பிறகு தோட்டம் தோட்டமாகவும் போனாள். மருந்தின் குளிர்ச்சி சாயங்காலம் வரை தாங்கும்.

இவள் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எங்கோ ஒரு குழந்தை ஊசிக்கு வீறிட்டு அழுதது. அடுத்த வீட்டில் இன்னொன்று ஆரம்பித்தது. ஜீப்பின் கதவைத் திறந்துபோட்டு, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். எப்போது கண் அசந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

வேலை முடிந்து வந்த நர்ஸ் அவளை எழுப்ப வாயெடுத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். காலிப் பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்து, அவளாக எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தாள்.