டொரான்டோவிலிருந்து ஆர்டர் வரவில்லை

தொண்ணூற்றெட்டில் சிவசம்புவுக்கு வேலை போனது. சில மாதங்களில் அவர் மனைவி சிவமலர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து இன்டர்நெட்டில் சேலை விற்கத் தொடங்கினாள். யாழ்ப்பாணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுடைய ஊர்ச் சொந்தக்காரச் சனம் போரில் சிதறி டொரான்டோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் கிடந்தது. ஒருத்தி வாங்கினால் அவள் மச்சாள் வாங்குவாள், பிறகு மச்சாளின் தங்கை. வியாபாரம் அப்படித்தான் பரவியது.

அதன் போக்குத்தான் பிடிபடவில்லை. ஒரு வாரம் பார்சல் கட்டிக் கை ஓயாது. அடுத்த வாரம் ஒன்றுமே இருக்காது. பனிக்காலம் என்றாள். டாலர் இறங்கிவிட்டது என்றாள். படம் சரியில்லை என்று சேலைகளை மறுபடி படம் பிடித்துப் போட்டாள்.

தொண்ணூற்றொன்பது தீபாவளியை நம்பி, கிள்ளான் ஜவுளிக்கடை ஜெய்னுலாபுதீனிடம் பட்டுச்சேலைகளைக் கடனுக்கு எடுத்து அடுக்கினாள். அவை போகாவிட்டால் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வீடு வங்கிக்குப் போகும். விநாயக சதுர்த்தி வரை ஆர்டர் கொட்டியது. பிறகு எல்லா ஊரிலும் ஒரேயடியாக நின்றது.

டெலிபோன் கம்பியைக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டுத் தினமும் காலையிலிருந்து ராத்திரி வரை அதன் முன்னாலேயே இருந்தாள்.

"கொஞ்ச நேரமாவது கழட்டிவிடும். ஆரும் போன் எடுத்தால்?" என்றார் சிவசம்பு.

"ஆர் எடுக்கப்போயினம்? கடன்காரர்தான்."

ஒரு மாதம் ஆகப்போகிற வேளையில், காலையிலேயே ஜெய்னுலாபுதீன் வேனோடு வந்துவிட்டார்.

"என்னக்கா, கம்ப்யூட்டருக்கு வாய்க்கட்டு போட்டாச்சா? என் கடையில ஆளுங்க சேலை கேட்டு நிக்கிறாங்க லா. இங்க சும்மா கெடக்குது."

"ஒரு நிமிசம் இருங்கோ பாய். இப்பவே கேட்டுச் சொல்லுறன்."

கம்பியைப் பிடுங்கிப் போனில் மாட்டி, டொரான்டோவிலிருந்த சித்தப்பா மகள் பூரணத்தை அழைத்தாள். வருசாவருசம் முதலில் வாங்குகிறவள் அவள்தான்.

"பூரணம், வடிவான சேலையெல்லாம் வந்திருக்கு. ஏனடி ஒருத்தரும் எடுக்கேல்லை? என்னிலை ஏதும் கோவமே?"

மறுமுனையில் பூரணம் குரலைத் தாழ்த்தினாள்.

"மலரக்கா... எங்களுக்கெல்லாம் செத்தவீட்டுத் துடக்கெல்லே. இந்த வருசம் ஆருக்குத் தீபாவளி?"

"ஆர் செத்தது?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதே? எத்தினை தரம் போன் எடுத்தம், எப்பவும் எங்கேஜ்ட். லண்டன்காரர் சொல்லியிருப்பினம் எண்டு இருந்திட்டம். ஈமெயிலிலை எழுதுற விசயமே இது?" பூரணம் அழத் தொடங்கினாள். "கனகலிங்கம் அண்ணை. வன்னியிலை, ஷெல் விழுந்து. சதுர்த்திக்கு அடுத்த நாள். வாற கிழமை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி."

கனகலிங்கம் சிவமலரின் ஒரே அண்ணன். வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் அவனுக்குப் பங்காளி வீட்டார்; துடக்கு வீட்டில் புதுச்சேலை எடுப்பதில்லை. சித்திரையில் பெரியப்பா டொரான்டோவுக்குப் பக்கத்து மார்க்கமில் செத்தபோதும் ஆர்டர் இப்படித்தான் நின்றிருந்தது. அப்போது துக்கம் விசாரித்துக் கடிதம் போட்ட கையோடு, ஆர்டர் ஏன் நின்றது என்று டாலர் விலையைப் பார்க்கப் பேப்பரைப் புரட்டியவள் அவள்.

போனை வைத்தாள்.

"எடுக்கிறாங்களாக்கா?"

"இல்லை பாய். என்ரை அண்ணை செத்துப்போனார்."

ஜெய்னுலாபுதீன் எழுந்து நின்றார். "அல்லாவே! சரக்கு இருக்கட்டும்க்கா. நான் அடுத்த வாரம் வரேன்."

"வேண்டாம். இப்பவே கொண்டு போங்கோ. நல்ல நாளுக்கு ஆரோ உடுக்கப்போற சேலை, துடக்கோடை இனி நான் தொடக்கூடாது. நீங்களே எடுங்கோ."

அவர் ஒவ்வொரு கட்டாகச் சுமந்து படியிறங்கினார். சிவமலர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.