பதில் சொல்லாத முகவரிகள்

அண்ணன் மகள் அன்று புதுநன்மை, அதாவது முதல்முறையாக நற்கருணை, வாங்குகிறாள். ராயபுரத்தில் சாயங்காலப் பூசை. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பிள்ளையைப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டும். அண்ணனோ காலையிலிருந்து எண்ணூர் சாலையில் டிரெய்லரோடு நின்றுகொண்டிருந்தான். செல்போனில் கேட் பாஸ் வந்தால்தான் துறைமுகத்துக்குள் போய்ச் சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்ப முடியும். பாஸ் வரவேயில்லை. அதைத் தருகிற மென்பொருள் சர்வீஸைப் பார்த்துக்கொள்வது நான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாதா கோயில் வாசலில், பட்டுப்புடவையோடு, ஸ்கூட்டர் சீட்டில் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பல நாளாகவே பாஸ் இப்படித்தான் இழுத்தடிக்கிறதாம். இத்தனை நாள் யாரும் புகார் செய்யவில்லையே என்று அண்ணனிடம் போனில் கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். வரிசையில் கைராசிக்காரர் ஒருவர் இருப்பாராம். எல்லா டிரைவர்களும் போனை அவரிடம் நீட்டுவார்களாம். அவரும் பாஸ் வரும்வரை பட்டனைச் சலிக்காமல் அழுத்துவாராம். இன்று அவர் லீவு. மற்றவர்கள் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, ராசியில்லை என்று டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

சலிக்காமல் அழுத்தினால் வருகிறதென்றால் ஏதோ ஒன்றாவது உயிரோடு இருக்கிறது. எங்கள் கிளஸ்டரில், அதாவது சர்வர் கூட்டத்தில், அந்த சர்வீஸ் பல பிரதிகளாக ஓடும். ஒவ்வொன்றும் எழுந்தவுடன் தன் முகவரியை ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் பதிந்துகொள்ளும். டிரைவர் அழுத்தினால் ரெஜிஸ்ட்ரி அவற்றில் ஒன்றைக் கைகாட்டும். யார் யார் இருக்கிறார்கள் என்று அதனிடம் கேட்டேன். ஐந்து முகவரி தந்து, ஐந்தும் நலம் என்றது. நம்பாமல் தனித்தனியே தட்டினேன். நான்கு வாயே திறக்கவில்லை. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் சோதனையை எவரோ நிறுத்திவைத்திருந்தார்கள். வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இருந்திருக்க வேண்டும்.

செத்தவற்றை நீக்கினேன். புதிதாக நான்கை எழுப்பி, அவை பதிந்துகொண்டு பதில் சொல்கின்றனவா என்று பார்த்தேன். சொல்லின.

அண்ணனே கூப்பிட்டான். "வந்துச்சும்மே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூசைக்கு மணி அடித்தார்கள். அவனைக் காணோம். மறுபடி கூப்பிட்டேன். ஒரே ஹாரன் சத்தம்.

"அல்லாருக்கும் ஒரே நேரத்துல பாஸ் வந்துடுச்சு. மொத்த வண்டியும் கேட்டாண்ட வந்து முட்டிகினு நிக்குது. ஒரு அடி நகரல. புள்ளைய நீ இட்டுனு போ."

லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே ஓடினேன். வெள்ளைக் கவுனில் நின்றவளின் ஒரு கையை அண்ணி பிடித்திருந்தாள். இன்னொன்றைப் பிடிக்கப் போனேன். பிள்ளை அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.