ஷ்னைடர் முதலாளி

நுவரெலியாவில் நான் வேலை பார்க்கும் தங்குவிடுதியின் முதலாளிக்கு ஒரு மனக்குறை இருந்தது. இணையத்தில் விடுதியைப் பதிவு செய்தபோது ‘குடும்பப் பெயர்’ கேட்டார்கள். நம்மிடம் அது ஏது? அப்பா பெயரைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் அவரை அப்பா பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். “மரியாதையெல்லாம் செத்த மனுசனுக்கு, வேலையெல்லாம் எனக்கு,” என்று புலம்புவார்.

போன மழைக்காலத்தில் இஸ்ரேலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். அவருடைய குடும்பப் பெயருக்கு அர்த்தம் கேட்டேன். “ரோஜாமலை” என்றார்.

“அவங்க தோட்டமாத்தான் இருக்கும்,” என்று முடிவுகட்டிய முதலாளி, அவருக்கு ஏரி தெரியும் அறையைக் கொடுத்தார்.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மலையும் இல்லை, ரோஜாவும் இல்லையாம். ஐரோப்பாவில் யூதர்கள் பலரும் ஒரு காலத்தில் ‘இன்னாரின் மகன்’ என்றுதான் இருந்தார்களாம். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று அரசாங்கங்கள் சட்டம் போட்டதும் ஊர், தொழில், காதுக்கு இனிமையான சொல் என்று ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டார்களாம். கோஹன் போன்ற சில பெயர்கள் மட்டும் பழைய பூசாரி வம்சத்திலிருந்து வருபவையாம்.

“அப்ப எனக்கு அந்தக் கோஹனையே கேளு,” என்றார் முதலாளி.

கேட்டேன். “அது பரம்பரையாக வருவது. இவருடைய தாத்தா என்ன தொழில் செய்தார்?” என்றார் அம்மா.

“பிசினஸ்னு சொல்லு.”

லிந்துலை கடைத்தெருவில் தையல்காரராக இருந்தார் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

“அப்படியானால் ஷ்னைடர்.”

முதலாளி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். “என்னா கம்பீரம்!” அந்த ஜெர்மன் சொல்லுக்குத் தையல்காரர் என்றே பொருள் என்று அம்மா விளக்கியதை நான் மொழிபெயர்ப்பதற்குள், பலகை எழுதுகிறவரைத் தேடிப் போய்விட்டார்.

அடுத்த மாதம் ஒரு ஜெர்மன்காரர் வந்தார். வாசல் பலகையில் முதலாளியின் உள்ளூர்ப் பெயருக்குப் பக்கத்தில் தன் மொழியில் ‘தையல்காரர்’ என்று இருந்தால் மனிதர் வேறென்ன நினைப்பார்? கிழிந்த காற்சட்டையோடு வரவேற்பு மேசைக்கு வந்து நின்றார்.

“இத ஏன் எங்கிட்ட நீட்டுறாரு?”

அர்த்தத்தைச் சொன்னேன்.

“மொதல்லயே சொல்லக்கூடாதா?”

“சொல்றதுக்குள்ள போயிட்டீங்களே, மொதலாளி.”

முதலாளியின் முகம் கறுத்துப்போனது. ஆனாலும் காற்சட்டையை வாங்கிக் கிழிசலைப் புரட்டிப் பார்த்தார். ஊசியும் நூலும் கொண்டுவரச் சொன்னார். அவ்வளவு நேர்த்தியான தையலை நான் எதிர்பார்க்கவில்லை. “சின்ன வயசுல தாத்தா பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன்,” என்றார், யாரும் கேட்காமலே.

பலகையை அவர் கழற்றவில்லை. ஜெர்மனியிலிருந்து யாராவது அறை பதிவு செய்தால் மட்டும், இங்கே உடுப்பு தைப்பதில்லை என்று முன்கூட்டியே எழுதிவிடும்படி எனக்கு உத்தரவு.