தலைகீழாய் நின்ற துடுப்பு

பொழியூர் கடற்கரையில் லில்லிக்குட்டியைப் போலக் கொடுத்துவைத்தவள் யாருமில்லை என்றுதான் ஊர் சொன்னது. மீன் கூடை சுமந்து வளர்ந்தவள் அவள். கணவன் நார்பர்ட் எங்கோ கரீபியன் தீவு ஒன்றில், வெள்ளைக்காரர்கள் லீவுக்கு வந்து கால் நீட்டிக் கிடக்கும் ரிசார்ட்டில் வேலை செய்கிறான். வேறென்ன வேண்டும் ஒரு பெண்ணுக்கு?

இரண்டு வருட ஒப்பந்தத்தில் தொண்ணூற்று மூன்றில் போனவன், தொண்ணூற்றாறு பிறந்த பிறகும் திரும்பவில்லை. கடிதம் மட்டும் வரும். எதில் பார்த்தாலும் ஒரே வரி: 'இங்கே சுகம்.' மகள் ஷெர்லிக்கு அம்மை போட்டிருக்கிறது, ஒருமுறை வந்து போவீர்களா என்று அழுது எழுதியதற்கும் அதே இரண்டு சொல்தான் பதில். அன்றிலிருந்து அந்தச் சொற்களை அவள் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, மலைப்பக்கம் வெள்ளறடையிலிருந்து ஏஜென்ட் ராஜப்பன் டிவியும் வீடியோ டெக்கும் ஏற்றிய ஆட்டோவில் வந்து இறங்கினார். நார்பர்ட்டை அனுப்பியவர் அவர்தான். ரிசார்ட்டில் சூப்பர்வைசராக இருப்பவன் அவருடைய மச்சினன்.

"இன்னும் பத்து ஆளு வேணுமாக்கும். ஜெஃப்ரின் பாஸ்போர்ட்ட எடுத்து வையுங்க. அதுக்கு முந்தி அண்ணன் இருக்கிற இருப்ப எல்லாரும் கண்ணால காணுங்க" என்றார்.

ஜெஃப்ரின், நார்பர்ட்டின் தம்பி. பதினாலு வயதிலிருந்து கடலில் கிடந்தவன், அன்று தேய்த்த சட்டை போட்டு மணமகன் மாதிரி நின்றான். அவனுடைய பாஸ்போர்ட் லில்லிக்குட்டியின் சேலை மடிப்புக்குள், கைக்குட்டையில் சுற்றி இருந்தது.

படம் ஓடியது. பச்சையும் நீலமுமாகக் கடல். மாவு சலித்தது போல மணல். சாய்வு நாற்காலியில், பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக நார்பர்ட். கையில் நீளமான கண்ணாடி கிளாஸ், அதில் சிவப்பாக ஏதோ, விளிம்பில் ஒரு அன்னாசித் துண்டு.

"இது இந்த ஊரு குடியாக்கும். கரும்புல வடிச்ச ரம்முல பழச்சாறு ஊத்தி, மேல ஜாதிக்காயப் பொடிச்சுத் தூவுவாங்க" என்றான் நார்பர்ட்.

"எடி, நம்ம கடல்ல கெடந்து செத்தவன், அங்க கடலப் பாத்துக் கெடந்து குடிக்கியான் பாரு" என்று பக்கத்து வீட்டு ஆனந்தபாய் சொல்ல, வீடே சிரித்தது.

"எலே ஜெஃப்ரினே, நீயும் வந்திரு மக்கா. இங்க சுகமாக்கும்" என்றான் திரையில் நார்பர்ட்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் லில்லிக்குட்டி திரையை உற்றுப் பார்த்தாள். சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. கிளாஸில் ஒரு சொட்டும் குறையவில்லை. நாற்காலிக்குப் பின்னால் மணலில் ஒரு துடுப்பு நட்டிருந்தது. பிடி கீழே, பலகை மேலே. பலகையின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி, இரட்டை முடிச்சு.



பொழியூரில் அலை பொங்கி அடிக்கும் நாளில், கரையில் நிற்பவர்கள் துடுப்பைத் தலைகீழாக நட்டுத் துணி கட்டுவார்கள். 'கரைக்கு வராதே, வந்தால் செத்தாய்' என்று அர்த்தம். அதைக் கண்டு அவளுடைய அப்பா ஒரு பகல் முழுக்கப் பசியோடு கடலிலேயே கிடந்திருக்கிறார். இந்த வீட்டில் அது தெரியாதவர் ராஜப்பன் ஒருவர்தான். அவரும் மச்சினனும் ரப்பர் மரத்துக்கு நடுவே வளர்ந்தவர்கள். மற்றவர்கள் கண்ணோ நார்பர்ட்டின் முகத்தில்தான் இருந்தது.

"கேமரா பிடிச்சது நம்ம மச்சினனாக்கும். கடுதாசிகூட அவன் வாசிச்சுப் பாத்துத்தான் ஒட்டுவான், அவ்வளவு அக்கறை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ராஜப்பன் கையை நீட்டினார். "எடுங்க தங்கச்சி, பாஸ்போர்ட்ட."

மூன்று வருடத்துப் புதிர் அந்த ஒரு பேச்சில் அவிழ்ந்தது. இப்போது வாய் திறந்து கத்தினால் மச்சினனுக்குச் செய்தி போகும். அங்கே சிக்கிக் கிடப்பவனை என்ன செய்வார்கள்? பேசாமல் இருந்தாலோ, கொழுந்தனும் போய்ச் சிக்குவான். லில்லிக்குட்டி ராஜப்பனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணா, இன்னொருக்கா போடுங்க. சத்தம் வேண்டாம், பிள்ளைக்குத் தலை வலிக்கி." பிறகு ஜெஃப்ரினிடம் திரும்பினாள். "நீ அண்ணன் முகத்தையே பாக்காத மக்கா. அவருக்குப் பின்னால பாரு, என்ன அழகா இருக்கு."

படம் சத்தமில்லாமல் ஓடியது. ஜெஃப்ரினின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அண்ணா, போன மாசம் கடல் கேறி வீட்டுக்குள்ள வந்தப்ப பெட்டி முங்கிப்போச்சு" என்றான் ஜெஃப்ரின். "பாஸ்போர்ட்டு கஞ்சி மாதிரி ஆயிட்டு. புதுசு எடுத்திட்டு வாறேன்."

"நேத்து உண்டுன்னு சொன்னியே?"

"நேத்து தொறந்து பாக்கல்ல."

சேலைக்குள் அந்தச் சின்னப் புத்தகம் அவள் வயிற்றைச் சுட்டது. ராஜப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் டெக்கைத் தட்டிக் காட்டினார்.

"அப்ப இது ஒரு மாசம் இங்க இருக்கட்டும். நாலு பயலுவளுக்குப் போட்டுக் காட்டுங்க."

அன்று மாலையே இருவரும் பங்குச் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதினார். பதில் வரும் வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றார்.

அதனால் அவள் தினமும் படம் போட்டாள். கடலுக்குப் போகும் பையன்கள் ஆசையோடு வருவார்கள், பாதியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஒருவன்கூட ராஜப்பனைத் தேடிப் போகவில்லை. டெல்லியிலிருந்து தபால் மட்டும் வரவில்லை. தன் புருஷனைப் பூட்டி வைத்திருக்கும் கடற்கரையைத் தன் கையாலேயே ஊருக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தாள் லில்லிக்குட்டி. 'கொடுத்துவைத்தவள்' என்று யார் சொன்னாலும் சிரித்தாள்.

இருபதாவது நாள் ஆனந்தபாய் நெற்றியைச் சுருக்கினாள்.

"எடி, எத்தன தடவ பாத்தாச்சு. அவன் அந்தத் தண்ணிய ஒரு மடக்குகூட குடிக்கல்லியே?"

"தாகம் இருந்திருக்காது அக்கா" என்று சொல்லிவிட்டு, லில்லிக்குட்டி கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.